கோய் குளத்துக்கு கேஸ் பாய்லர்: ஏழு குளிர்காலம் ஓட்டிய பிறகு

லண்டனுக்கு வடக்கே இருக்கும் எங்கள் வீட்டுக் கொல்லையில் 14,000 லிட்டர் குளம், அதில் ஒன்பது கோய் மீன்கள் (ஜப்பானிய வண்ணக் கெண்டை). 2018 அக்டோபரில் கேஸ் பாய்லர் வைத்தபோது ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, "ஏம்ப்பா, மனுஷங்களுக்கு ஹீட்டரைக் குறைச்சு வைக்கச் சொல்றே, மீனுக்கு மட்டும் இத்தனை சொகுசா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

குளிர் மட்டும் கோயைக் கொன்றுவிடாது. ஜப்பானில் பனி கொட்டும் நீகாட்டா மலைப்பகுதியில் உருவான மீன் அது. ஆழமான குளத்தில் அடியில் அசையாமல் கிடந்தே குளிர்காலத்தைக் கழித்துவிடும். வம்பு வசந்தத்தில்தான். தண்ணீர் மெல்லச் சூடேறும்போது நோய்க்கிருமிகள் முந்திக்கொள்கின்றன, மீனின் எதிர்ப்புச் சக்தி பின்தங்கிவிடுகிறது. பாய்லர் வைப்பதற்கு முந்தைய வசந்தத்தில் உடம்பெல்லாம் புண் வந்து இரண்டு கோஹாக்கு (வெள்ளையில் சிவப்புத் திட்டு உள்ள கோய்) போய்விட்டன. அதற்குப் பிறகுதான், தண்ணீரை அவ்வளவு குளிரவே விடக்கூடாது என்று இந்த முடிவு.

அமைப்பு எளிது. பாய்லரின் வெந்நீர் ஒரு மூடிய சுற்றில் ஓடும். பில்டரைத் தாண்டி வரும் குளத்துத் தண்ணீர், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு குளத்துக்குத் திரும்பும். இரண்டு தண்ணீரும் கலப்பதில்லை. குளத்துப் பக்கம் செம்புக் குழாய் கூடவே கூடாது. நாம் செம்பில் தண்ணீர் வைத்துக் குடிப்போம். மீனுக்கு அது நஞ்சு.

இப்போது கணக்கு. 14,000 லிட்டரை ஒரு டிகிரி உயர்த்த சுமார் 16 யூனிட் (கிலோவாட்-மணி) வேண்டும். முதல் குளிர்காலம் குளத்தைத் திறந்தே வைத்து 18 டிகிரியில் ஓட்டினேன். விடிகாலையில் போய்ப் பார்த்தால் குளத்தின் மேல் இட்லிப் பானை மாதிரி ஆவி. அத்தனையும் என் காசு! ஒருநாள் சோதனைக்காக இரவில் பாய்லரை நிறுத்திப் பார்த்தேன். காலையில் இரண்டு டிகிரி இறங்கியிருந்தது. அடுத்த வருடம் மரச்சட்டத்தில் பாலிகார்பனேட் தாள்களை அடித்து மூடினேன். அதே சோதனையில் அரை டிகிரிதான் இறங்கியது. பாய்லருக்குக் கொட்டிய பணத்தை முதலில் மூடிக்குப் போட்டிருக்க வேண்டும்.

2022 அக்டோபரில் இங்கே கேஸ் யூனிட்டுக்குச் சராசரி 10.3 பென்ஸ் ஆனது. மூடி மட்டும் இல்லையென்றால் ஒரு நாளைக்கு ஆறேழு பவுண்டு கரைந்திருக்கும். மூடி இருந்தும் மனசு கேட்கவில்லை. 14 டிகிரிக்கு இறக்கினேன், அங்கேயே நிற்கிறது. மீன்கள் கோதுமை முளைத் தீனியைக் கொஞ்சமாகத் தின்கின்றன, பில்டரில் கழிவைச் சுத்தம் செய்யும் பாக்டீரியாவும் தூங்கவில்லை. சூடு ஏறி இறங்காமல் இருப்பதுதான் முக்கியம். ஏற்றினாலும் ஒரு நாளைக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றுவதில்லை.

பாய்லர் ஒரே ஒருமுறை காலை வாரியது. 2022 டிசம்பரில் உறைபனி பிடித்து உலுக்கிய வாரம், விடிகாலை நான்கு மணி. பாய்லர் லாக் ஆகிக் கிடக்கிறது. பாய்லர் புகையிலிருந்து குளிர்ந்து சேரும் கழிவு நீர் சொட்டும் குழாயைப் பொருத்தியவர், சுவருக்கு வெளியேயும் 21.5 மில்லிமீட்டர் மெல்லிய குழாயையே, மேலே எதுவும் சுற்றாமல் விட்டிருந்தார். உள்ளே ஐஸ். வெதுவெதுப்பான தண்ணீரைக் கெட்டிலில் கொண்டுபோய் மூன்று தடவை ஊற்றிய பிறகு உள்ளே ஒரு கொடகொட சத்தம், அப்புறம் பாய்லர் பிடித்துக்கொண்டது. மறுநாளே 32 மில்லிமீட்டர் குழாய் போட்டு ஸ்பாஞ்சு சுற்றியாயிற்று. அந்த நீர் அமிலத்தன்மை உள்ளது. குளத்துப் பக்கமே வரவிடாதீர்கள்.

ஆயிரம் லிட்டர் தொட்டிதான் என்றால் கேஸ் வேண்டாம், ஒரு கிலோவாட் மின் ஹீட்டர் போதும். காசு மிச்சமென்று புகைபோக்கி இல்லாத கேஸ் அடுப்பை ஷெட்டுக்குள் கொளுத்தி வைப்பது தற்கொலைக்குச் சமம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. இங்கே கேஸ் வேலைக்கு கேஸ் சேஃப் (கேஸ் வேலை செய்பவர்களுக்கான அதிகாரபூர்வப் பட்டியல்) பதிவு உள்ளவரைத்தான் கூப்பிட வேண்டும், அவரிடமும் கழிவு நீர்க் குழாயின் அளவைக் கேட்டுவிடுங்கள்.

இந்த பாய்லர் படுத்துவிட்டால் அடுத்தது வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குத் தரும் ஹீட் பம்ப்தான். 14 டிகிரிக்கு இவ்வளவு வலுவான பாய்லர் தேவையில்லை.