“புதுப் பந்து” என்று வாங்கிய பழைய பந்து: கொழும்பில் பௌலிங் பழகுகிறவர்கள் கவனத்துக்கு

கொழும்பில் டென்பின் பௌலிங் (லேன் என்கிற நீண்ட பாதையின் முடிவில் நிற்கிற ‘பின்’ எனும் பத்துக் கட்டைகளைப் பந்தை உருட்டி விழுத்துகிற விளையாட்டு) பழகிக்கொண்டு, சொந்தமாக ஒரு பந்து வாங்கலாமா என்று யோசிக்கிற நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்குப் பழைய பந்தைப் புதுசென்று விற்ற ஆளின் பெயரைப் போடப் போவதில்லை. எங்கே விளையாடுகிறேன் என்றும் சொல்லமாட்டேன். அந்த இடத்துக்காரருக்கும் இந்த ஆளுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் அவர் ஆட்களைப் பிடிக்கிற விதத்தைச் சொல்கிறேன். வாசிக்கும்போதே சிலருக்கு யார் என்று விளங்கிவிடும்.

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். புதன்கிழமை பின்னேரங்களில் சனம் குறைவு என்பதால் வேலை முடிந்து தனியாகப் போய் இரண்டு மூன்று கேம் போடுவது வழக்கம். ஒரு கேமில் 110, 120 புள்ளிக்கு மேல் ஏறாத ஆள். அங்கே வாடகைக்கு இருக்கிற பந்துகளில் 12 இறாத்தல் நீலப் பந்து ஒன்று எனக்குப் பழக்கம். அதைத் தேடிப்பிடிப்பதிலேயே பாதிக் களைப்பு வந்துவிடும்.

ஒருநாள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் வந்து கதை கொடுத்தார். ஐம்பது வயது இருக்கும். நல்ல மரியாதையான பேச்சு. “தம்பிக்கு நல்ல கை இருக்கு. ஆனா இந்த வாடகைப் பந்தால எத்தனை வருசம் போட்டாலும் 120தான்” என்றார். இதில் கோபம் என்னவென்றால், அவர் சொன்னது பாதி உண்மை. வாடகைப் பந்து யாருடைய கைக்கும் துளைத்ததல்ல, எல்லோருடைய கைக்கும் துளைத்தது. நடுவிரலும் மோதிரவிரலும் இரண்டாவது மூட்டு வரை உள்ளே போகிற பிடி. கொஞ்சம் தேறியவர்கள் முதல் மூட்டு வரை மட்டும் விடுகிற ஃபிங்கர்டிப் பிடிக்கு மாறுவார்கள். அப்போதுதான் பந்து சுழலும், கடைசியில் வளைந்து உள்ளே போகும். இதையெல்லாம் அவர் அழகாக விளக்கினார். விளக்கம் சரியாக இருந்ததால் ஆளும் சரியாக இருப்பார் என்று நினைத்துவிட்டேன்.

சிங்கப்பூரிலிருந்து புதுப் பந்து ஒன்று வந்திருக்கிறது, ரியாக்டிவ் ரெசின் (லேனைப் பிடித்து நன்றாக வளைகிற மேற்பரப்பு), 13 இறாத்தல், 85,000 ரூபாய் என்றார். என் கையைப் பார்த்தார். பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும், அளக்கவில்லை. தன் உள்ளங்கையை என் உள்ளங்கையோடு ஒட்டி வைத்துவிட்டு “சரி, விளங்கிட்டுது, ஒரு கிழமையில உங்கட கைக்குத் துளைச்சுத் தாறன்” என்றார். அடுத்த புதன் பம்பலப்பிட்டியில் ஒரு வாகனத் தரிப்பிடத்தில், அவருடைய கார் டிக்கியிலிருந்து பந்து கைமாறியது. ரசீது இல்லை. காசை இரண்டு தடவையாக வங்கிக் கணக்குக்குப் போட்டேன். அந்தச் சிட்டை இரண்டும் இருப்பதுதான் இன்றைக்கு எனக்குள்ள ஒரே சாட்சி.

முதல் நாளே ஏதோ சரியில்லை. கையைப் பின்னால் கொண்டுபோகும்போது பந்து நழுவி விழப் போகிறது என்ற பயம். விழாமல் இருக்கப் பெருவிரலை மடித்து இறுக்குவேன். இறுக்கினால் முன்னால் வரும்போது பெருவிரல் வெளியே வராது. வந்தாலும் பிந்தி வரும். பந்து லேனில் உருளாமல் மேலே எழும்பி ‘தொம்’ என்று விழும். ஒன்று லேனின் இடப்பக்கக் கானுக்குள் போகும், அடுத்தது வலப்பக்கக் கானுக்குள். பெருவிரலின் அடியில் தோல் உரிந்து, இரண்டாவது கிழமையில் நகக்கண் வீங்கிவிட்டது.

அவரிடம் சொன்னேன். “பந்து பழகவேணும் தம்பி. உங்கட மணிக்கட்டு பின்னுக்கு மடியுது” என்றார். மணிக்கட்டைத் திருத்த எட்டு வகுப்பு, ஒன்று 4,000 ரூபாய். பிறகு மணிக்கட்டுப் பட்டை ஒன்று, 9,000. பந்தோடு சேர்த்து 1,26,000 ரூபாய். கூட்டிப் பார்த்தது இப்போதுதான். அப்போது பார்க்கப் பயம்.

எட்டு வகுப்பிலும் “பின்னைப் பாருங்கோ, பின்னைப் பாருங்கோ” என்றுதான் சொன்னார். பந்தை விடுகிற கோட்டிலிருந்து முதல் பின்னுக்கு 60 அடி. 15 அடி தூரத்தில் லேனிலேயே ஏழு அம்புக்குறிகள் போட்டிருப்பது எதற்கு? ஐந்து பலகைக்கு ஒன்றாக, குறி பார்ப்பதற்கு. லேன் என்பது குறுக்கே 39 பலகை. வலக்கைக்காரர் பெரும்பாலும் வலப்பக்கத்திலிருந்து இரண்டாவது அம்புக்குறியை, அதாவது பத்தாவது பலகையைப் பார்த்துத்தான் பழகத் தொடங்குவார்கள். இந்த அரிச்சுவடியைக்கூட ஒரு நாளும் அவர் வாயிலிருந்து கேட்கவில்லை. பின்னைப் பார்க்கச் சொல்கிற கோச்சைக் கண்டால் கவனமாக இருங்கள்.

உண்மை வெளியே வந்தது மாமாவின் மகன் ரொறன்ரோவிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது. யாழ்ப்பாணம் போகமுன் மூன்று நாள் எங்கள் வீட்டில் நின்றான். அங்கே பல வருடமாக லீக் விளையாடுகிறவன். (ரொறன்ரோவில் ஐந்து பின் வைத்து விளையாடுகிற வேறொரு பௌலிங்கும் இருக்கிறது, அந்த ஊரிலேயே பிறந்தது. கைக்குள் அடங்குகிற சின்னப் பந்து, துளையே கிடையாது. அதைப் பழகியிருந்தால் இந்தச் சோலியே வந்திருக்காது.) என் வீங்கிய விரலைப் பார்த்துவிட்டு, “எங்க மச்சான், பந்தைக் கொண்டு வா” என்றான்.

பெருவிரலை அடிவரை விடச் சொன்னான். மற்ற இரண்டு விரலையும் உள்ளே விடாமல் துளைகளுக்கு மேலே சும்மா படுக்க வைக்கச் சொன்னான். ஃபிங்கர்டிப் பிடியென்றால், விரலின் முதல் மூட்டின் கோடு துளையின் உள்விளிம்பில் வந்து விழவேண்டுமாம். எனக்கு அது ஒரு நகத்தளவு எட்டாமல் நின்றது. பெருவிரல் துளைக்கும் மற்ற இரண்டு துளைக்கும் நடுவே இருந்தது, என்னைவிட நீளமான கை உள்ள யாருக்கோ போட்ட இடைவெளி. பெருவிரல் துளையோ என் விரலைச் சுற்றி ஆடுகிறது. அதை மட்டும் கையால் அராவிப் பெரிதாக்கியிருந்தார்கள். உள்ளே தடவினால் சொரசொரப்பு. நீளமான இடைவெளி பெருவிரலை இழுத்துப் பிடிக்கிறது, அகலமான துளை நழுவவிடுகிறது. இரண்டும் சேர்ந்தால் இறுக்காமல் என்ன செய்வது? சரியாக அமைந்த பந்தில் கை தளர்வாகத் தொங்கும். வீச்சின் அடியில், கணுக்காலைத் தாண்டும் இடத்தில், பெருவிரல் தானாகக் கழன்று முதலில் வெளியே வரும். பிறகுதான் மற்ற இரண்டு விரலும் பந்தைத் திருப்பிவிட்டு வரும். என் மணிக்கட்டில் ஒரு பிழையும் இல்லை.

அப்புறம் ஃபோன் டோர்ச்சைப் பந்தின் மேல் சாய்த்துப் பிடித்தான். பளபளப்புக்கு அடியில் வளையம் வளையமாகக் கீறல்கள், லேனில் பல காலம் உருண்ட தடம். பந்தின் பக்கவாட்டில் விரலே எட்டாத இடத்தில் நாலாவதாக ஒரு துளை இருந்தது. “இது பவருக்கு, பெரிய ஆட்டக்காரர்ட பந்தில மட்டும்தான் இருக்கும்” என்று எனக்குச் சொல்லியிருந்தார். மச்சான் சிரித்தான். எடையைச் சமன்படுத்தப் போடுகிற துளையாம் அது. பந்துக்கு விதி வகுக்கிற ஐக்கிய அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் (USBC) 2020 ஆகஸ்ட் 1 முதல் அதைத் தடை செய்துவிட்டது. பிடிப்பதற்குப் பயன்படாத துளை பந்தில் இருக்கக்கூடாது. ஆக, அநேகமாக அதற்கு முன்பே யாரோ துளைத்து விளையாடிய பந்து. அதை வைத்துக்கொண்டு அந்த விதிப்படி நடக்கிற போட்டியிலும் இறங்க முடியாது.

கடைசியாக எடை. வெள்ளவத்தைச் சந்தையில் தெரிந்த மரக்கறிக் கடைக்குக் கொண்டுபோய்த் தராசில் வைத்தோம். கடைக்காரர் ஒரு பூசணிக்காயைத் தள்ளிவிட்டு இடம் கொடுத்தார். 6 கிலோ 700 கிராம். 13 இறாத்தல் என்றால் 5 கிலோ 900தான் வரவேண்டும். இது 15 இறாத்தல் பந்து. ஐந்து மாதம் எடையைக்கூடப் பார்க்காமல் அதைத் தூக்கித் திரிந்திருக்கிறேன்.

அவரிடம் கேட்டபோது, “நான் புதுசு எண்டு எங்க தம்பி சொன்னனான்?” என்றார். வட்ஸ்அப்பைத் திறந்து பார்த்தால் அவர் அனுப்பியவை எல்லாம் அழிக்கப்பட்டிருந்தன. நான் ஒரு ஸ்கிரீன்ஷொட்கூட எடுத்து வைக்கவில்லை. கடைசியில் பெரிய மனதோடு, இன்னும் 20,000 தந்தால் வேறு பந்து மாற்றித் தருவதாகச் சொன்னார்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போகலாம். 1977க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். ஆனால் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். நான் விழித்தெழுந்தபோது அந்தக் காலம் தாண்டிவிட்டது. ஆகவே வாங்கிய அன்றே ரசீது கேளுங்கள், பேசிய விலையையும் “புதியது” என்ற சொல்லையும் எழுத்தில் வாங்கிப் படம் பிடித்து வையுங்கள். தர மறுத்தால் பந்தை அந்த டிக்கியிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

பந்தைத் திருத்தலாமா என்று கேட்பீர்கள். துளையை ரெசினால் அடைத்து, காயவிட்டு, மறுபடி துளைக்கலாம். பஞ்சிகாவத்தையில் ஒரு கடைசல் பட்டறையில் கேட்டுப் பார்த்தேன். “துளை போடுறது பெரிய வேலை இல்லை, எந்தச் சரிவில போடுறது எண்டு யார் சொல்லுறது?” என்றார் அந்தப் பாஸ். என்னிடம் பந்து விற்றவரைவிட அவருக்கு விசயம் தெரிந்திருந்தது. துளையின் சரிவு கொஞ்சம் மாறினாலும் பெருவிரல் ஒன்றில் மாட்டும், இல்லாவிட்டால் முந்திக் கழன்றுவிடும். இடைவெளி, துளையின் அகலம், சரிவு மூன்றையும் கருவியால் அளந்து தாளில் எழுதுகிறவரைக் கண்டால் மட்டும் காசைக் கொடுங்கள்.

இப்போது பழைய நீலப் பந்துக்கே திரும்பிவிட்டேன். மச்சான் தந்துவிட்டுப் போன ஒட்டுத் துண்டுகளைப் பெருவிரல் துளைக்குள் ஒன்றோ இரண்டோ ஒட்டுவேன். வெயிலில் வந்திறங்கும்போது விரல் வீங்கியிருக்கும், ஏசிக்குள் அரை மணித்தியாலம் நின்றால் சுருங்கும். அதற்கேற்பக் கூட்டிக் குறைக்கலாம். இரண்டாவது அம்புக்குறியைப் பார்க்கிறேன். போன மாதம் ஒரு தடவை 151 வந்தது.

அந்த ஆள் இன்னும் வருகிறார். போன புதன் ஒரு கம்பஸ் பெடியனின் உள்ளங்கையோடு தன் கையை ஒட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தேநீர் எடுக்கப் போன நேரம் பார்த்து, அந்தப் பெடியனிடம் போய் மரக்கறிக் கடையின் விலாசத்தைச் சொல்லிவிட்டு வந்தேன்.