ஐந்து குளிர்காலம் உழைத்த கூடாரம்

உறைந்த ஏரியில் மீன்பிடிக்க எந்தக் கூடாரம் வாங்குவது என்று நண்பர் கேட்டிருந்தார். என் கூடாரத்தின் உடைந்த ஃபைபர்கிளாஸ் கம்பியை மாற்றி முடித்த கையோடு எழுதுகிறேன்.

என்னுடையது சுவரின் நடுவிலுள்ள பட்டையைப் பிடித்து இழுத்தால் 'டப்' என்று விரிந்து நிற்கும் வகை. இரண்டு துணிகளுக்கு இடையே பஞ்சு வைத்துத் தைத்தது. எந்த வகைக் கூடாரமானாலும், எடை கூடினாலும், பஞ்சு வைத்த துணியைத்தான் வாங்க வேண்டும். ஒற்றைத் துணிக் கூடாரத்தில் ஹீட்டரை ஏற்றினால் மூச்சின் ஈரம் கூரையில் படிந்து கழுத்தில் சொட்டும். இதில் அந்தத் தொல்லை மிகக் குறைவு.

என் கோபமெல்லாம் சுவரின் அடியில் பனிக்கட்டிமேல் படிந்து கிடக்கும் துணி விளிம்பின் மீதுதான். காற்று புகாமலிருக்க அதன்மேல் பனியை அள்ளிப் போடுகிறோம். ஆனால் பனிப்பாரத்தால் ஏரியின் உறைபரப்பு அழுந்தியிருக்கும் நாளில், தூண்டில் போடக் கூடாரத்துக்குள் துளை போட்டதும் தண்ணீர் மேலே பொங்கி விளிம்புவரை ஓடிவிடும். மாலையில் பார்த்தால் துணியும் பனிக்கட்டியும் ஒன்றாகிக் கிடக்கும். விரல் விறைக்க இழுத்து, இரண்டு முறை கிழித்துத் தைத்திருக்கிறேன். இப்போது துளைகளைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுகிறேன். காய்ந்த பனியை மட்டும் விளிம்பின்மேல் போடுகிறேன். மணிக்கொரு தரம் விளிம்பைத் தூக்கி விடுகிறேன். அப்படியும் ஒரு மூலை ஒட்டிக்கொள்கிறது. ஐந்து ஆண்டுகளாக இதே போராட்டம்!

கம்பி உடைந்ததற்குக் கூடாரத்தைக் குறை சொல்ல மாட்டேன். கூடாரத்தைப் பனிக்கட்டியோடு பிணைக்கும் திருகாணிகளில், காற்று வரும் பக்கத்தில் உள்ளவற்றை முதலில் இறுக்கினேன். ஆனால் சுவர் நடுவிலிருந்து கட்டவேண்டிய கயிற்றைக் கட்டவில்லை. ஒரே வீச்சில் சுவர் உள்வாங்கிக் கம்பி முறிந்தது.

நான் எதிர்பாராத இன்பம் ஒன்று உண்டு. ஜிப்பை மூடியதும் உள்ளே கும்மிருட்டு. வெளி வெளிச்சம் பனிக்கட்டி வழியாக நீருக்குள் இறங்கி, துளையில் பச்சையாக ஒளிரும். ஆழமற்ற இடத்தில் குனிந்து பார்த்தால், பெர்ச் மீன் ஒன்று என் இரைக்கு ஒரு விரல் தூரத்தில் துடுப்பை மட்டும் அசைத்து நிற்பது தெரியும். வாய் திறக்கும் கணத்தைக்கூடக் காணலாம். அதைப் பார்த்துக்கொண்டே தூண்டிலை இழுக்க மறந்த நாட்கள் உண்டு.

ஹீட்டர் எரியும்போது காற்றுத் திறப்புகளை மூடவே மூடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. எச்சரிக்கைக் கருவி ஒன்றும் உள்ளே இருக்கட்டும். நடந்து செல்லவே குறைந்தது 10 சென்டிமீட்டர் தெளிந்த பனிக்கட்டி வேண்டும். வெண்பனிக்கட்டி என்றால் அதைப்போல் இரு மடங்கு.

இவ்வளவு புகழ்ந்தபின்னும் நண்பருக்கு நான் சொன்னது, சறுக்குவண்டியோடு இணைந்து வரும் மடக்குக் கூடாரத்தை வாங்குங்கள் என்றுதான். ஒரு பக்கம் வண்டியின்மேல் நிற்பதால் அதில் ஒட்டும் விளிம்பு குறைவு. மீன் இல்லையென்றால் உடனே இடம் மாறலாம். என் அடுத்த கூடாரமும் அதுவே.