உழவர் சந்தையில் மெஸ்ஸுக்குக் காய் வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம், ஆனால் ஆறரை மணிக்குள் போய்விடுங்கள். எட்டு மணிக்கு மேல் எங்கள் ஊர்ச் சந்தையில் மிஞ்சுவது வெம்பலும் சொத்தையும்தான். எடையில் பயமில்லை. மொத்த விலைக்கு மேல் 20 சதவீதம், வெளிக்கடைச் சில்லறையைவிட 15 சதவீதம் குறைவு என்பது இந்தச் சந்தைகளின் விலைக் கணக்கு.

எனக்குப் பிடித்தது வாசலில் இருக்கும் விலைப்பலகை. மாசி, பங்குனியில் தக்காளி சல்லிசாகும், ஆடியில் ஏறும், ஐப்பசி மழையில் மறுபடி துள்ளும். சித்திரையில் சீந்துவாரில்லாத முருங்கைக்காய் மார்கழியில் சாம்பாருக்கு ஒரு துண்டுதான்.

காய் விலையோடு வட்டியையும் சேர்த்துப் பார்ப்பது என் வழக்கம், ஏனென்றால் என் வீட்டுக்கடன் ரெப்போவோடு, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியோடு, கட்டப்பட்டது. 2023 ஜூலையில் தக்காளி தாறுமாறாக ஏறியபோது நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 4.87-லிருந்து ஒரே மாதத்தில் 7.44 சதவீதமானது. பணவீக்கம் தாண்டக்கூடாது என்று ரிசர்வ் வங்கிக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 6. ஈஎம்ஐ ஏறப்போகிறது என்று வயிற்றில் புளி கரைந்தது. ஆனால் வட்டியை முடிவு செய்யும் ரிசர்வ் வங்கியின் ஆகஸ்ட், அக்டோபர் கூட்டங்கள் இரண்டிலும் ரெப்போ 6.5-லேயே நின்றது. வட்டியை ஏற்றினால் அது வேலை செய்யப் பல மாதம் ஆகும், தக்காளி அதற்குள் அடுத்த காய்ப்புக்கு வந்துவிடும். செப்டம்பரில் பணவீக்கம் 5.02.

இதற்காக அவர்களை முழுசாகப் பாராட்டவும் மனம் வரவில்லை. 2024 அக்டோபரில் காய்கறி 42 சதவீதம் ஏறி, பணவீக்கம் மறுபடி 6.21-க்குப் போனது. வட்டி குறைய 2025 பிப்ரவரி வரை காத்திருந்தோம். பணவீக்கத்தைக் கணக்கிடும் விலைக் குறியீட்டில் உணவுக்கு கிட்டத்தட்ட 46 சதவீத எடை இருந்தது. பருவ விலைதானே என்று ஒதுக்க முடியாத அளவு அது.

பலகையில் எனக்கு ஒரு குறை: இன்றைய விலை மட்டும்தான் இருக்கும். போன வருஷம் இதே வாரம் என்ன விலை என்று பக்கத்தில் எழுதினால், ஏற்றம் வழக்கமான பருவ ஏற்றமா, விளைச்சல் கெட்டதா என்று ஓரளவு பிடிபடும், மெனுவையும் மாற்றிக்கொள்ளலாம். அதிலும் ஏமாற இடமுண்டு. 2024 ஜூலையில் பணவீக்கம் 4-க்குக் கீழே வந்ததற்குக் காரணம் காய் மலிந்தது அல்ல, முந்தைய ஜூலை அவ்வளவு உயரத்தில் இருந்ததுதான். அதனால் இரண்டு வருஷ விலை எழுதினால் இன்னும் நல்லது.

அப்புறம், சில்லறையும் பெரிய பையும் எடுத்துப் போங்கள். கீரை வேண்டுமென்றால் முதலில் அங்கே நில்லுங்கள்.