பூ மண்டியும் மோசடிக் கணக்கும்

வரமகாலட்சுமி நோன்புக்கு முந்தைய வியாழன் இரவு, பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டில் என் மாமாவின் பூக்கடையில் கைப்பேசி ஓயாமல் ஒலிக்கும். முன்பின் தெரியாதவர்கள் நூற்றுக்கணக்கில் கியூ.ஆர். அட்டையில் பணம் செலுத்துவார்கள். விடிவதற்குள் அதில் பெரும்பகுதி ஓசூர், ராயக்கோட்டை விவசாயிகளுக்குப் போய்விடும். திருட்டுப் பணம் கைமாறுவதற்காக வாடகைக்கு விடப்படும் 'மியூல்' கணக்கிலும் இதே நடமாட்டம்தான்: தெரியாதவர்களிடமிருந்து வரவு, வந்த சூட்டோடு பற்று. மல்லிகைப் பணத்தையும் மோசடிப் பணத்தையும் எந்த முறை பிரித்தறிகிறது? என் உரைகல் இதுதான்.

வங்கிகளின் பழைய முறை, விதிகள். ஒரு மணி நேரத்தில் இவ்வளவுக்கு மேல் வந்து போனால் எச்சரிக்கை, அவ்வளவே. ஏன் தடுத்தீர்கள் என்றால் பதில் கிடைக்கும். அந்த ஒரு புண்ணியம் உண்டு. ஆனால் வரம்பு ஐம்பதாயிரம் என்று மோப்பம் பிடித்த திருடன் நாற்பத்தொன்பதாயிரமாக அனுப்புவான். மாமாவுக்கு அந்தச் சாமர்த்தியம் தேவைப்பட்டதில்லை. ஆகவே மாட்டிக்கொள்பவர் அவர்.

செயற்கை நுண்ணறிவு பல தடயங்களைச் சேர்த்துப் பார்க்கிறது: கணக்கின் வயது, கைப்பேசி மாறியதா, போன ஆண்டு நோன்புக்கும் இப்படி நடந்ததா. ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் பெங்களூரில்தான் இருக்கிறது. அது உருவாக்கிய 'மியூல்ஹன்டர்' என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி பற்றி 2024 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. மியூல் கணக்குகளின் 19 வகை நடத்தைகளை ஆராய்ந்து செய்தது. பிடிப்பதில் விதிகள் இதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆனால் மாதச் சம்பளக்காரர்களின் கணக்குகளை மட்டும் பார்த்து வளர்ந்த இயந்திரத்துக்கு மண்டிக்காரர் எல்லோரும் திருடர்களாகத்தான் தெரிவார்கள்.

சந்தேகம் வந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் எனக்குக் கோபம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் செலுத்திய 640 ரூபாய்க்காக மாமாவின் கணக்கு முழுவதும் பதினொரு நாள் முடங்கியது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. "சிஸ்டம் அப்படிக் காட்டுகிறதே சார், நான் என்ன செய்ய?" என்றார் மேலாளர். விவசாயிகளுக்கு மாமா வட்டிக்கு வாங்கிக் கொடுத்தார்.

அந்த 640 ரூபாயை மட்டும் நிறுத்திவைத்து, வாடிக்கையாளரை அழைத்து விசாரித்து, முடிவை ஒரு மனிதர் எடுப்பது இன்னொரு வழி. இதற்கு ஆள் செலவு உண்டு. வங்கிகளின் தயக்கத்துக்குக் காரணம் அதுதான் என்பது என் கணிப்பு. ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2025 ஆகஸ்டில் தந்த அறிக்கை, செயற்கை நுண்ணறிவுக்கான ஏழு கொள்கைகளில் மனிதருக்கு முதலிடம், பொறுப்பேற்பு, புரியும்படியான வடிவமைப்பு ஆகியவற்றையும் சேர்த்திருக்கிறது. பிடிக்க இயந்திரம், முடக்க மனிதர் என்ற ஏற்பாட்டுக்கே என் ஓட்டு.

மாமா இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. இந்த நோன்புக்கு வேறொரு வங்கியில் புதுக் கணக்குத் தொடங்கி, இரண்டாவது அட்டையையும் தொங்கவிட்டிருக்கிறார். புதுக் கணக்கில் திடீரென்று பணம் குவிவதும் மியூல் அடையாளம்தான் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.