மெத்து மெத்து சீட் வேண்டாம்: ஸ்பெஷலைஸ்டு பவர் மிமிக் சேடில் பற்றி

ரோடு பைக் என்கிற ரேஸ் சைக்கிள் ஓட்டும் பெண்கள் நாலு பேர் ஒன்றாக டீ குடித்தால், கியர், டயர், ஓட்டியதைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா ஆப் எல்லாம் பேசி முடித்த பிறகு, பக்கத்தில் ஆண்கள் யாரும் இல்லையே என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உனக்கும் அங்கே வலிக்குமா?" என்று ஒருத்தி ஆரம்பிப்பாள். அப்புறம் அரை மணி நேரத்துக்கு வேறு பேச்சே இருக்காது. தோல் உரிந்தது, கட்டி வந்தது, மரத்துப்போனது, ஒரு பக்கம் மட்டும் வீங்கியது என்று வரிசையாக வரும். அந்தப் பேச்சில் அடிக்கடி அடிபடுகிற சேடில், அதாவது சைக்கிள் சீட், ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் இந்தப் பவர் மிமிக். ஒரு கோடை முழுக்க சென்னை ஈசிஆர் சாலையில் இதில்தான் ஓட்டினேன், எனக்கு நன்றாகவே ஒத்துப்போனது. எல்லோரும் வாங்குங்கள் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

இதற்கு முன்னால் இருந்தது பைக்கோடு வந்த சீட். எங்கே வலிக்கிறது என்று கடையில் போய் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? "சீட்டு சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால், கடைத் தம்பி உடனே ஒரு ஜெல் கவரை எடுத்து நீட்டுவார். "இதைப் போடுங்க அக்கா, சோபா மாதிரி இருக்கும்." இருக்கும்தான், முதல் 10 கிலோமீட்டருக்கு. நம் எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு எலும்பு முனைகள். தடிமனான ஜெல்லில் அவை உள்ளே அமுங்க அமுங்க, நடுவில் இருக்கும் ஜெல் பிதுங்கி மேலே வந்து பிறப்புறுப்பின் மென்மையான சதையை அழுத்தும். எலும்பு தாங்க வேண்டிய எடையைச் சதை தாங்கினால் வலிக்காமல் என்ன செய்யும்? பவர் மிமிக்கை முதலில் கையால் அழுத்திப் பார்த்தபோது, இவ்வளவு கெட்டியாக இருக்கிறதே, இதற்கா இவ்வளவு விலை என்றுதான் தோன்றியது. ஆனால் அந்தக் கெட்டித்தன்மைதான் எலும்பைப் பிடித்து நிறுத்துகிறது.

பவர் வகை சேடிலுக்கு மூக்கு குட்டை. வழக்கமான ரோடு சேடில் 270 மில்லிமீட்டர் பக்கம் இருக்கும், இது 240தான். ஹேண்டில்பாரின் கீழ்ப்பகுதியைப் பிடித்துக் குனியும்போது இடுப்பு முன்னால் உருளும் இல்லையா, அப்போது குத்துவதற்கு முன்னால் ஒன்றும் நீட்டிக்கொண்டிருக்காது. அது பாதி விஷயம். நடுவில் ஓட்டை போட்ட சேடில்கள் சந்தையில் நிறைய உண்டு, பலருக்கு அவை நன்றாகவே உதவுகின்றன. ஆனால் பெண்களில் சிலருக்கு ஓட்டையின் விளிம்பு போய் சரியாகப் பிறப்புறுப்பின் உதடுகளின் மேல் பதியும், சதை அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி அங்கேயே வீங்கும். 2018-இல் வந்த மிமிக்கில் அந்த இடத்தைக் காலியாக விடாமல், வெவ்வேறு அடர்த்தியுள்ள நுரையை அடுக்கி நிரப்பியிருக்கிறார்கள். அழுத்தினால் இறங்கும், ஆனால் சதையை விழவிடாது. விளம்பரத்தில் இதைப் பெரிதாகச் சொல்வார்கள். ஓட்டிப் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது, கோவளம் தாண்டியதும் வழக்கமாக ஆரம்பிக்கும் அந்த மரத்துப்போதல் வரவில்லை என்பதுதான். திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்பினாலும் உட்கார்ந்து சாப்பிட முடிந்தது. ஓட்டுபவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அகலம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். 143, 155, 168 மில்லிமீட்டர் என்று மூன்று அளவில் வருகிறது. உடம்பு பருமனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஒல்லியாக இருப்பவர்களுக்கும் எலும்பு முனைகள் தள்ளித் தள்ளி இருக்கலாம். வீட்டிலேயே அளக்கலாம். ஃபிரிட்ஜ் வந்த பெட்டியின் வரிவரியான அட்டையில் ஒரு துண்டை வெட்டி, கெட்டியான படிக்கட்டில் வைத்து, அதன் மேல் முன்னால் குனிந்து உட்கார்ந்து எழுந்தால் இரண்டு பள்ளம் விழும். ஒன்றின் நடுவிலிருந்து மற்றதன் நடு வரை அளந்து, அதோடு 20 முதல் 30 மில்லிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். எனக்கு 128 வந்தது, 155 சரியாக இருந்தது. ஒரு சுற்றுக்குத் தோழியின் 143-ஐ வாங்கி ஓட்டியபோது அதே கம்பெனி, அதே மாடல், ஆனால் உயிர் போனது.

மாட்டும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. சீட் உயரம் கூடினால் மிதிக்கும்போது இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும், தொடை இடுக்கில் உரசல் அங்கிருந்துதான் வரும். முன் நுனியை ஒன்றிரண்டு டிகிரி தாழ்த்தினால் ஆறுதலாக இருக்கும், அதற்கு மேல் தாழ்த்தினால் முன்னால் சரிந்துகொண்டே வந்து கை மரத்துப்போகும். இதெல்லாம் சொகுசுப் பேச்சு இல்லை. ரியோ ஒலிம்பிக்குக்கு முன்னால் பிரிட்டிஷ் பெண்கள் அணிக்காக நிபுணர்களை வரவழைத்து இதையேதான் அலசினார்கள். சாய்வை 2.5 டிகிரிக்குள் வைத்திருந்த உலக சைக்கிள் சங்கம் 2016-இல் அதை 9 டிகிரி வரை தளர்த்தியது. அந்த வீராங்கனைகளுக்குச் சொல்லப்பட்ட இன்னொரு விஷயம், அங்கே முழுதாக மழிக்கவோ வேக்ஸ் செய்யவோ வேண்டாம் என்பது. முடி உரசலைக் குறைக்கிறது, மழித்தால் உள்நோக்கி வளர்ந்து கட்டியாகிறது. கத்தரியால் குட்டையாக வெட்டிக்கொண்டால் போதும்.

கட்டிக்கு வருகிறேன், ஏனென்றால் "இந்த சேடில் போட்டால் கட்டி போகுமா?" என்று கேட்கிறார்கள். போகாது. உரசலும் அழுத்தமும் குறைவதால் மயிர்க்காலில் வரும் கொப்புளங்கள் எனக்குக் குறைந்தன, அவ்வளவுதான். ஏற்கெனவே கட்டி இருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சேடிலாக இருந்தாலும் அதன் மேல் உட்காரக் கூடாது. பிறப்புறுப்பின் வாயிலுக்கு இரண்டு பக்கமும் இருக்கும் பார்தோலின் சுரப்பியின் வழி அடைபட்டு நீர்க்கட்டி வருவது தனிக் கதை. சைக்கிள் ஓட்டாத பெண்களுக்கும் வரும். சின்னதாக, வலி இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரை டப்பில் ஊற்றி 10, 15 நிமிடம் உட்கார்வது, ஒரு நாளில் மூன்று நான்கு முறை, நல்ல பலன் தரும். பிதுக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். சீழ் கோத்து நடக்க முடியாமல் வலித்தாலோ காய்ச்சல் வந்தாலோ மகப்பேறு மருத்துவரிடம் போய்விட வேண்டும், சின்னதாகக் கீறி வடிய வைப்பார்கள். 40 வயதுக்கு மேல் புதிதாக எந்தக் கட்டி வந்தாலும், வலிக்கவில்லை என்றாலும், காட்டுங்கள். "சைக்கிளை விட்டுடும்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பும் மருத்துவர் கிடைத்தால் இன்னொருவரைப் பாருங்கள். பிரிட்டனின் பாராலிம்பிக் வீராங்கனை ஹன்னா டைன்ஸ், வருஷக்கணக்கில் சேடிலில் உட்கார்ந்து வீங்கிப்போனதற்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டதை 2019-இல் தன் பெயரிலேயே வெளிப்படையாக எழுதினார். நாம் மருத்துவரிடமாவது சொல்லலாம்.

நம் ஊர் வெயிலில் சேடிலைவிட வியர்வைதான் பெரிய எதிரி. உள்ளே மெத்தை வைத்துத் தைத்த பேடட் ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடக் கூடாது, தையல் உரசும். உரசல் தடுக்கும் கிரீம் வாங்கினால் மென்தால் இல்லாததாகப் பாருங்கள், அந்த இடத்தில் மென்தால் எரியும் எரிச்சலை எழுத்தில் சொல்ல முடியாது. மாமல்லபுரத்தில் ஈர ஷார்ட்ஸோடு ஒரு மணி நேரம் பொங்கல் வடை சாப்பிட்டுக்கொண்டு அரட்டை அடிப்பது எங்கள் குழுவின் வழக்கம். நான் இப்போது ஒரு மாற்று உடை கொண்டுபோகிறேன், கிண்டல் செய்கிறார்கள், செய்யட்டும்.

யாருக்கு வேண்டாம்? நிமிர்ந்து உட்கார்ந்து மார்க்கெட், ஆபீஸ் என்று ஓட்டுபவர்களுக்கு இது தேவையே இல்லை. குனிந்து ஓட்டுவதற்காகச் செய்த வடிவம் இது, அவர்களுக்கு இதைவிட அகலமான, விலை குறைந்த சீட்டே போதும். டிரையத்லான் போட்டியில் ஏரோ பாரில் முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்டுபவர்கள், ஐஎஸ்எம் கம்பெனியின் மூக்கே இல்லாத வகையையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். வாங்குவதாக இருந்தால் சேடிலின் அடியில் மாட்டும் கம்பிகள் (ரெயில்) குரோமோலி எஃகில் செய்த காம்ப் மாடல் எடுங்கள். எடை கொஞ்சம் கூடுதல், நமக்கு அது பெரிய விஷயம் இல்லை, எந்த சீட் போஸ்டிலும் உட்காரும். கார்பன் ரெயில் முட்டை வடிவத்தில் இருக்கும், சீட் போஸ்டில் அதைப் பிடிக்கும் கிளாம்ப் பொருந்துமா என்று முதலில் பார்க்க வேண்டும். இரண்டு அகலங்களையாவது மாட்டி ஓட்டிப் பார்க்க விடுவார்களா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். எனக்கு முதல் கடையில் மறுத்தார்கள், அடுத்த கடையில் ஒரு வாரம் கொடுத்து அனுப்பினார்கள்.