புல்தரைத் தெளிப்பானில் அழுத்தக் குறைவு: ஐந்தாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

கோவையில் எங்கள் வீட்டின் முன்புறம் 45 அடிக்கு 30 அடி, அதாவது ஏறக்குறைய மூன்று சென்ட் அளவில் ஒரு புல்தரை இருக்கிறது. மண்ணுக்குள் புதைந்திருந்து, தண்ணீர் வரும்போது மட்டும் தலை தூக்கும் பாப்-அப் ஸ்பிரிங்ளர்கள் பன்னிரண்டை ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு அதில் பொருத்தினோம். அன்றிலிருந்து ‘பிரஷர் இல்லை’ என்று நான் சலித்துக்கொண்ட சந்தர்ப்பங்கள் ஆறேழு இருக்கும். ஒவ்வொரு முறையும் கண்ணில் பட்ட அறிகுறி ஏறக்குறைய ஒன்றுதான்; காரணம் மட்டும் வெவ்வேறாக இருந்தது. அறிகுறியைப் பார்த்தே காரணத்தை ஊகித்த முறையெல்லாம் பணமும் உழைப்பும் வீணாயின.

முதல் தவறு தொடக்கத்திலேயே நடந்துவிட்டது. அமைத்துக் கொடுத்த பிளம்பர், மொட்டை மாடித் தொட்டியிலிருந்தே இணைப்புக் கொடுத்தால் போதும், மோட்டார் செலவு எதற்கு என்றார். நானும் மகிழ்ந்து போனேன். தொட்டியின் நீர்மட்டம் புல்தரையிலிருந்து சுமார் 8 மீட்டர் உயரத்தில் இருந்தது. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம் ஏறத்தாழ 1 பார் என்பதால், குழாய் இழப்பு எதுவுமே இல்லாவிட்டாலும் எங்களுக்குக் கிடைக்கக்கூடியது 0.8 பார்தான். தலையின் நுனியில் இருந்து விசிறி போல் தெளிக்கும் நாசில்களோ (தெளிப்பு முனைகளோ) 2 பார் அளவில் வேலை செய்யும்படி வடிவமைக்கப்பட்டவை. விளைவாக, தலைகள் பாதி எழுந்து, கழுத்தைச் சுற்றித் தண்ணீர் வழிந்து, அங்கங்கே சேறானதுதான் மிச்சம். கழுத்திலுள்ள ரப்பர் சீல் போதிய அழுத்தம் வந்தால்தான் இறுகி ஒழுக்கை நிறுத்தும் என்று தெரியாமல், பன்னிரண்டு சீல்களையும் மாற்றச் சொல்லிச் சண்டை பிடித்தேன்.

பிறகு தரைமட்டத் தொட்டியிலிருந்து 1 குதிரைத்திறன் மோனோபிளாக் மோட்டார் வைத்தோம். தலைகள் முழுவதும் எழுந்தன. ஆனால் மோட்டாருக்கு அருகில் உள்ளவை ஆவேசமாகவும், கடைக்கோடியில் உள்ளவை அரைமனதாகவும் தெளித்தன. பம்ப் விற்கும் கடையில் கேட்டபோது, யோசிக்காமல் ஒன்றரைக் குதிரைத்திறன் வாங்கச் சொன்னார்கள். அந்த நேரத்தில், நீர்ப்பாசனப் பொருள்களில் பழக்கமுள்ள உறவினர் ஒருவர், “மாப்பிள்ளை, மோட்டாரை மாத்துறதுக்கு முன்னாடி ஒரு கேஜ் வாங்கி வைங்க” என்றார். இந்த ஐந்து ஆண்டுகளில் நான் வாங்கியவற்றுள் மிக உபயோகமானது, கிளிசரின் நிரப்பிய அந்தச் சிறிய அழுத்தமானிதான்.

ஒன்றை மோட்டாரின் வெளியேற்றுக் குழாயிலும், மற்றொன்றைக் கடைசி ஸ்பிரிங்ளருக்குக் கீழே ‘T’ வடிவக் குழாய் இணைப்பு வைத்தும் பொருத்தினோம். எல்லா வால்வுகளையும் மூடிச் சில நொடிகள் மட்டும் மோட்டாரை ஓட்டியபோது 3.2 பார் காட்டியது. அந்த எண்ணை மட்டும் பார்த்திருந்தால் குறையே இல்லை என்று சொல்லியிருப்பேன். பன்னிரண்டையும் திறந்து ஓட்டியபோதோ மோட்டாரருகே 2.2, கடைசியில் 1.1. தண்ணீர் நிற்கும்போது காட்டும் அழுத்தத்துக்கும் ஓடும்போது மிஞ்சும் அழுத்தத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டில்தான் விஷயமே இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 15 அடி வீச்சுள்ள நாசில், முழு வட்டமானால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 14 லிட்டர், அரை வட்டமானால் 7, கால் வட்டமானால் 3.5 லிட்டர் எடுக்கும். மூலைகளில் நான்கு, ஓரங்களில் ஆறு, நடுவில் இரண்டு என்று கூட்டினால் நிமிடத்துக்கு 84 லிட்டர். அவ்வளவு தண்ணீரையும் முக்கால் அங்குலக் குழாய் ஒன்றின் வழியாகத் தள்ளிக்கொண்டிருந்தோம். மோட்டாரிலிருந்து புல்தரை வரையிலான 15 மீட்டரிலேயே கிட்டத்தட்ட 0.9 பார் உராய்வில் கரைந்துவிடுகிறது. பெரிய மோட்டார் வைத்தால் ஓட்டம் கூடும், ஓட்டம் கூடினால் உராய்வு அதைவிட வேகமாகக் கூடும். இரண்டு மடங்கு ஓட்டத்துக்கு இழப்பு ஏறத்தாழ மூன்றரை மடங்காகும். இதையே திருப்பிப் போட்டால் வழி கிடைத்துவிடுகிறது. புல்தரையை இடது, வலது என ஆறு ஆறாகப் பிரித்து, ஆளுக்கொரு வால்வு வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினோம். பகுதிக்கு 42 லிட்டர் என்றானதும் கடைசி அழுத்தமானி 2.3 பாருக்கு ஏறியது. பள்ளம் தோண்டவில்லை, மோட்டாரை மாற்றவில்லை. இரண்டு பால் வால்வுகளோடு வேலை முடிந்தது. மறு ஆண்டு அவற்றின் இடத்தில் மின்சாரத்தால் தானே திறந்து மூடும் 24 வோல்ட் சொலினாய்டு வால்வுகளையும் டைமரையும் வைத்தது வசதிக்காகத்தான்.

இப்போது பகுதிக்குப் பத்து நிமிடம் ஓடுகிறது. ஆக ஒரு முறைக்குச் சுமார் 840 லிட்டர்.

இரண்டாம் ஆண்டில் வந்த குறைவு படிப்படியாக வந்ததால் நீண்ட நாள் கவனிக்கவில்லை. நல்ல தண்ணீரைப் புல்லுக்கு விட மனம் வராததால் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரைத்தான் பயன்படுத்துகிறோம். அதில் நுண்மணலும் சுண்ணாம்பும் உண்டு. குழாயில் உள்ள டிஸ்க் ஃபில்டருக்கு (அடுக்குத் தட்டு வடிகட்டிக்கு) முன்னும் பின்னும் அழுத்தம் பார்த்தபோது வேறுபாடு 0.6 பார் இருந்தது; கழுவிய பிறகு 0.15 ஆகக் குறைந்தது. அதன்பின் நாள் கணக்கு வைத்துக் கழுவுவதை விட்டுவிட்டு, வேறுபாடு 0.3 தாண்டினால் கழுவுகிறேன். நாசிலுக்கு அடியில் இருக்கும் சிறிய சல்லடையிலும் உப்புப் படியும். எலுமிச்சை உப்புக் கரைத்த வெந்நீரில் ஓரிரவு ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போதும். ஊசியால் குத்தித் துவாரத்தைச் சரிசெய்ய முயல வேண்டாம். நான் குத்திய இரண்டு நாசில்களும் விசிறிபோல் விரியாமல் ஒற்றைக் கீற்றாகப் பீய்ச்சியதால் தூக்கி எறிய நேர்ந்தது.

மூன்றாம் ஆண்டு ஆனி, ஆடியில் மேற்கு ஓரம் மட்டும் காய்ந்தது. மறுபடியும் அழுத்தக் குறைவு என்று முடிவுகட்டி ஃபில்டரைக் கழற்றினேன், நாசில்களை மாற்றினேன், அழுத்தமானியோ 2.3-லேயே அசையாமல் நின்றது. பாலக்காட்டுக் கணவாய் வழியே அந்த மாதங்களில் வீசும் காற்று, தெளிப்பு முழுவதையும் கிழக்கே தள்ளிக்கொண்டிருந்தது என்பது மாலையில் வாசலில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. ஓடும் நேரத்தை விடியற்காலை ஐந்தரைக்கு மாற்றினேன். அதோடு இன்னொன்றும் புலப்பட்டது. பிரித்து ஓட்டத் தொடங்கிய பிறகு மோட்டாருக்கு அருகிலுள்ள தலைகளில் அழுத்தம் கூடிப்போய்த் தண்ணீர் புகையாகப் பறந்துகொண்டிருந்தது. வால்வின் ஓட்டக் கட்டுப்பாட்டுத் திருகைச் சற்றே இறுக்கியதும் துளிகள் பருத்தன. சில மாதம் கழித்து அந்தத் திருகை யாரோ கூடுதலாக இறுக்கிவிட, ஒரு வாரம் மோட்டாரைச் சந்தேகித்துக்கொண்டிருந்தது தனிக் கதை.

நான்காம் ஆண்டில் ஒரு நாள் வலப்பகுதி திடீரென்று 1.4 பாருக்கு இறங்கியது. இடப்பகுதி பழையபடியே இருந்தது. மோட்டார், ஃபில்டர், தலைமைக் குழாய் ஆகிய மூன்றும் இரு பகுதிகளுக்கும் பொதுவானவை என்பதால் அவற்றின்மேல் பழி இல்லை என்பது அந்த ஒரு ஒப்பீட்டிலேயே தெரிந்துவிட்டது. வலப்பகுதியை அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வெறுங்காலோடு நடந்து பார்த்தேன். வேலியோரம் ஓரிடத்தில் மண் பஞ்சுபோல் அமுங்கியது. முந்தைய வாரம் செம்பருத்தி நடும்போது கடப்பாறை பட்டுக் குழாய் வளைவு இணைப்பான எல்போ விரிசல் கண்டிருந்தது.

கடந்த கோடையில் வந்தது வேறு வகை. அழுத்தமானியின் முள் ஓரிடத்தில் நிற்காமல் ஏறி இறங்கியது. தலைகள் இருமுவதுபோல் விட்டுவிட்டுத் தெளித்தன. முள் குறைவாகவே இருந்தாலும் நிலையாக நின்றால் அடைப்பையோ கசிவையோ தேடலாம். அது ஆடினால் உறிஞ்சு பக்கத்தில் காற்று நுழைகிறதா என்று முதலில் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. தொட்டியில் நீர்மட்டம் இறங்கி உறிஞ்சு குழாயின் அடிநுனியில் உள்ள ஃபுட் வால்வின் தலைக்கு மேல் ஒரு சாண் தண்ணீர்கூட இல்லாமல் இருந்தது; அந்தக் குழாயின் யூனியனும் (கழற்றி மாட்டும் இணைப்பும்) தளர்ந்திருந்தது. யூனியனை இறுக்கி, தொட்டி பாதிக்குக் கீழே போனால் மோட்டார் ஓடாதபடி மிதவை ஸ்விட்ச் ஒன்றை வைத்தோம்.

இன்று புதிதாக அமைப்பதானால், கீற்றுக் கீற்றாகச் சுழன்று தெளிக்கும் நாசில்களைத்தான் தேர்ந்தெடுப்பேன். அவை சற்றுக் கூடுதல் அழுத்தம், ஏறத்தாழ 2.8 பார் கேட்டாலும், எடுக்கும் தண்ணீர் மிகக் குறைவு. முக்கால் அங்குலக் குழாயே தாராளமாகப் போதும், தண்ணீர் மெல்ல இறங்குவதால் களிமண்ணில் தேங்காது. இருப்பவை தேயும் வரை மாற்றுவதாக இல்லை. தீராமல் நிற்கும் குறை ஒன்றுதான். மோட்டார் நின்ற பிறகும் தாழ்வான தென்கிழக்கு மூலைத் தலையிலிருந்து, குழாயில் மிச்சமுள்ள தண்ணீரெல்லாம் கால்மணி நேரம் கசிந்து வடிகிறது. அதற்கான, உள்ளேயே தடுப்பு வால்வு கொண்ட தலையை வாங்கி வைத்திருக்கிறேன். மழை ஓய்ந்ததும் பொருத்த வேண்டும்.