அமைதி முதலில் வந்தது, மதிப்பு பிறகு வந்தது: யோகாவும் அகத்தாய்வும் தந்தவை

யோகா செய்தால் மன அமைதி கிடைக்குமா என்று கேட்பவர்களிடம் நான் தயங்காமல் சொல்வது: கிடைக்கும், நினைப்பதைவிடச் சீக்கிரமாகவே கிடைக்கும். தன்மதிப்பும் கிடைக்குமா என்று கேட்டால் சற்று நிதானித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. என் வாழ்க்கையில் இரண்டும் சேர்ந்து வரவில்லை. ஒன்று மூச்சுப் பயிற்சியால் வந்தது. மற்றது ஒரு நோட்டுப் புத்தகத்தால், மிகவும் தாமதமாக வந்தது. 2020-இல் தொடங்கி இன்றுவரை செய்துவருகிறவன் என்ற முறையில், எது எதனால் கிடைத்தது என்பதைப் பிரித்து எழுத விரும்புகிறேன். என்னைப் போன்ற நிலையில் ஊர் திரும்பியவர்கள் இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நான் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தவன். கொரோனா ஆண்டில் ஆள் குறைத்தார்கள். தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பினேன். எங்கள் பகுதியில் வளைகுடாவிலிருந்து வந்தவனிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "எப்போது திரும்பப் போகிறாய்?" என்பதுதான். டீக்கடையில் கேட்பார்கள், கோயில் கொடையில் கேட்பார்கள், கல்யாண மண்டபத்தில் பந்தியில் இலை விரித்துக்கொண்டே கேட்பார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனாலும் தங்கைக்குப் போட்ட பவுன், வீட்டுக்கு மேல் எழுப்பிய மாடி, அப்பாவின் கண் அறுவைச் சிகிச்சை என்று எல்லாமே நான் அனுப்பிய பணத்தில் நடந்தவை. அனுப்புவது நின்ற பிறகு வீட்டில் எனக்கு எந்த இடம் என்பது எனக்கே தெரியவில்லை. தூக்கம் போயிற்று. மனைவிதான் பக்கத்துத் தெருவில் நடக்கும் வகுப்புக்கு என்னைப் போகச் சொன்னாள்.

வகுப்பு நடத்துபவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஊரில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். அவர் வீட்டு மொட்டைமாடியில், தகரக் கூரைக்கு அடியில், விடிவதற்கு முன் தொடங்கும். கட்டணம் கிடையாது. ஐ.நா. அறிவித்த சர்வதேச யோகா தினம் 2015 முதல் ஜூன் 21-இல் கொண்டாடப்படுகிறது; நம் மாவட்டத்தில் அது தென்மேற்குப் பருவமழைக் காலம். வெளியூர்களில் மைதானங்களில் வரிசையாக நின்று செய்யும் படங்கள் வரும்போது, நாங்கள் தகரத்தில் மழை கொட்டும் ஓசைக்கிடையே டீச்சரின் குரலைக் கேட்க முயன்றுகொண்டிருப்போம். மழைச் சத்தத்துக்குள் மூச்சைக் கவனிப்பது நல்ல பயிற்சி என்பார் அவர். எனக்கும் அது பிடித்துப்போயிற்று.

முதலில் அவர் ஆசனம் எதுவும் சொல்லித்தரவில்லை. மூச்சு மட்டும். நான்கு எண்ணும்வரை இழுக்க வேண்டும், எட்டு எண்ணும்வரை விட வேண்டும். திருமந்திரத்தில் இழுப்பதற்குப் பதினாறு, உள்ளே நிறுத்துவதற்கு அறுபத்து நான்கு, விடுவதற்கு முப்பத்திரண்டு என்ற கணக்கு இருப்பதைப் படித்துவிட்டு, அதைச் செய்யலாமா என்று ஓர் இளைஞன் கேட்டான். டீச்சர் சிரிக்கவில்லை. "மக்களே, நிறுத்துவதெல்லாம் பிறகு. உனக்கு இன்னும் விடவே தெரியவில்லை" என்றார். என்னைப் பார்த்துச் சொன்னதாகவே எனக்குப் பட்டது. ஏனென்றால் ஆறாம் எண்ணிலேயே என் மூச்சு தீர்ந்துபோய், தொண்டை அடுத்த மூச்சுக்குத் தவித்தது. வயிறு கல்லாக இறுகியிருந்தது. வயிற்றில் கையை வைத்து, அது மெல்ல உள்ளே போவதைத் தொட்டுப் பார்த்தால்தான் எட்டு வரை வந்தது.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடும், விடும்போது சற்றுக் குறையும். எல்லோர் உடலிலும் நடப்பது இது. விடுவதை நீட்டினால் உடல் ஓய்வு நிலைக்குத் திரும்ப நேரம் கிடைக்கிறது. என் தொழிலில் ஒரு விஷயம் பார்த்திருக்கிறேன்: பழைய கம்ப்ரஸர் இரைந்துகொண்டே இருக்கும்போது வீட்டில் யாருக்கும் அது கேட்காது. அது நின்ற பிறகுதான், இவ்வளவு நேரம் இவ்வளவு சத்தமா இருந்தது என்று திகைப்பார்கள். எனக்குள்ளும் அப்படி ஒன்று நின்றது. அந்த மழைக்காலம் முடிவதற்குள் தூக்கம் ஓரளவு திரும்பிவிட்டது.

ஆசனங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முதுகு நேராயிற்று, இடுப்பு வலி குறைந்தது. தரையில் குந்தியே வேலை செய்த முழங்காலுக்கு வஜ்ராசனம் ஒத்துவரவில்லை. மடித்த போர்வையைத் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவில் வைத்துத்தான் உட்கார்ந்தேன். கடையில் வாங்கிய ரப்பர் விரிப்பு ஈரத்தில் வழுக்கியது; ஜமுக்காளம் போதும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சர்வாங்காசனம் போன்ற தலைகீழ் ஆசனங்களைத் தாமாகத் தொடங்க வேண்டாம்.

ஆனால் வகுப்பு முடிந்து கீழே இறங்கி டீக்கடைக்குப் போவேன். யாராவது அந்தக் கேள்வியைக் கேட்பார். மாடியில் சேர்த்த அமைதி முழுவதும் ஒரு கிளாஸ் டீ ஆறுவதற்குள் கரைந்துவிடும். பல மாதங்கள் இப்படியே போயின. அமைதி இருந்தது, ஆனால் அது யாரும் தொடாதவரை மட்டுமே நிற்கும் அமைதி. யோகா மட்டும் போதும் என்று சொல்கிறவர்களோடு நான் உடன்படாத இடம் இதுதான்.

டீச்சர் வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை என்ற தியானப் பயிற்சி முறையில் பயின்றவர். 1911-இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து 2006 வரை வாழ்ந்த மகரிஷி, தவம் என்னும் தியானத்தோடு, தன்னைத் தானே ஆராயும் அகத்தாய்வையும் சேர்த்தே வைத்தார். எண்ணத்தை ஆராய்வது, ஆசையைச் சீரமைப்பது, சினம் தவிர்ப்பது, கவலை ஒழிப்பது, கடைசியாக நான் யார் என்று கேட்பது என்று அது படிப்படியாகப் போகிறது. எல்லாவற்றையும் எழுத வேண்டும். மனத்துக்குள் நினைத்துக்கொள்வது கணக்கில் சேராது. எனக்கு இது பிடித்ததற்குக் காரணம், வேலைக்குப் போன இடத்தில் பழுதைக் குறித்துக்கொள்வது போலவே இதிலும் முதலில் இருப்பதை இருப்பதாக எழுத வேண்டும் என்பதுதான்.

கவலைப் பட்டியலை நான்கு வகையாகப் பிரிக்கச் சொல்வார்கள்: அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை. மகனின் கல்லூரிக் கட்டணம் உடனே தீர்க்க வேண்டியது. அப்பாவின் காது மந்தம் அனுபவித்தே தீர வேண்டியது. "எப்போது திரும்பப் போகிறாய்" என்ற கேள்வியை அலட்சியம் செய்யும் பத்தியில் எழுதினேன். அடுத்த மாதம் புதிய பட்டியலிலும் அது வந்தது, அதே பத்தியில். அதற்கடுத்த மாதமும் வந்தது. டீச்சர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "அலட்சியம் செய்த பொருள் எப்படி மூன்று முறை வரும்? இதைக் கேட்பது யார்?" என்றார். டீக்கடைக்காரர், சித்தப்பா, பழைய வகுப்புத் தோழன் என்று பெயர்களைச் சொன்னேன். "காலையில் எழுந்தவுடன் கேட்பது யார்?" என்றார்.

நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஊரார் எப்போதாவது கேட்டது வலித்ததற்குக் காரணம், அதை நான் நாள் முழுவதும் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்ததுதான். ஊரின் தராசு என் வீட்டுக்குள்ளேயே இருந்தது. இது தெரிந்தவுடன் எல்லாம் சரியாகிவிடவில்லை; ஆனால் எங்கே கை வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

நான் யார் என்ற படிக்கு வந்தபோது மகன், கணவன், அப்பா, மெக்கானிக், பணம் அனுப்புகிறவன் என்று எழுதினேன். மாறக்கூடியவற்றை ஒவ்வொன்றாக அடித்துவிட்டு மிச்சத்தைப் பார்க்கச் சொன்னார்கள். "பணம் அனுப்புகிறவன்" என்பதில்தான் பேனா நின்றது. உண்மையில் அது ஏற்கெனவே அழிந்துபோன வரி. ஆனாலும் அடிக்க மனம் வரவில்லை. அடித்தேன். அடித்த பிறகும் அதைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்துதான் இருந்தேன். தத்துவமாக இதைப் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொந்தக் கையெழுத்தில், சொந்த வாழ்க்கையின் ஒரு வரியின் மேல் கோடு போடும்போது அது வேறு அனுபவம்.

நம் மாவட்டத்தில் இதற்குத் துணையாக நிற்கும் இடங்கள் சில உண்டு. எனக்கு மிகவும் உதவியது மார்த்தாண்டம் பக்கமுள்ள சிதறால் மலை. பாறை முகத்தில் சமண ஞானிகளான தீர்த்தங்கரர்களைப் புடைப்புச் சிற்பமாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஆய் வம்சத்து அரசன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு அங்கே இருக்கிறது, ஒன்பதாம் நூற்றாண்டு. தீர்த்தங்கரர்கள் மடக்கிய காலின் மேல் கை மேல் கை வைத்து, தோள்கள் தளர்ந்து, முதுகு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். எப்படி உட்கார வேண்டும் என்பதை எந்தக் காணொலியையும்விட அந்தப் பாறை எனக்குத் தெளிவாகக் காட்டியது. வாரநாளில் காலையில் போனால் கூட்டம் இருக்காது.

இன்னொன்று சாமித்தோப்பு. சின்ன வயதில் பாட்டி அழைத்துப் போயிருக்கிறாள். அய்யாவழியைத் தோற்றுவித்த ஐயா வைகுண்டரின் பதி, அதாவது வழிபாட்டுத் தலம் அது. ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். ஒடுக்கப்பட்டவர்கள் தலைப்பாகை கட்டக்கூடாது என்றிருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் அவர் அதைக் கட்டச் சொன்னார். பெண்கள் மேலாடை அணிவதற்கே போராடி 1859-இல்தான் மகாராஜாவின் பிரகடனம் வந்த மண் இது. பள்ளியறை என்னும் கருவறையில் ஒரு கண்ணாடி இருக்கும்; கும்பிடுகிறவன் தன் முகத்தைத்தான் பார்க்கிறான். பாட்டி காலத்தில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. நோட்டில் அந்த வரியை அடித்த பிறகு ஒரு நாள் போய், தலைப்பாகையோடு அந்தக் கண்ணாடி முன் நின்றேன். இதே மண்ணில் தலை நிமிர்வதற்கு என் முன்னோர்கள் கொடுத்த விலை தெரியும்போது, மாதச் சம்பளம் நின்றதற்காக நான் ஏன் குனிய வேண்டும் என்று தோன்றியது.

1892 டிசம்பரில் விவேகானந்தர் தியானம் செய்த கன்னியாகுமரிப் பாறையும் நம்முடையதுதான். தியான மண்டபத்தில் அமைதி காக்கச் சொல்வார்கள். ஆனால் ஐயப்பன் சீசனில் படகுக்கு வரிசையில் நின்று களைத்துப் போய் உட்கார்ந்தால் மனம் நிற்காது. பள்ளிகள் திறந்திருக்கும் ஜூலை, ஆகஸ்டில் போகலாம், கடல் அமைதியாக இருந்து படகு ஓடினால்.

தொடங்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். தியானச் செயலி ஒன்றை மொபைலில் போட்டிருந்தேன். தொடர்ந்து எத்தனை நாள் என்று எண்ணிக் காட்டும், ஒரு நாள் விட்டால் பூஜ்யத்துக்கு வந்துவிடும். தராசைத் தூக்கி எறிய வந்த இடத்தில் இன்னொரு தராசு எதற்கு என்று அழித்துவிட்டேன். யோகாவை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்து, சாப்பாடும் பேச்சும் வேண்டாம் என்றானால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். வகுப்பு அதற்குப் பிறகு. மதம் தடையாக இருக்குமா என்றும் கேட்கிறார்கள். எங்கள் மாடியில் ஞாயிறு ஆராதனைக்குப் போகும் அக்கா ஒருவர் மௌன நேரத்தில் தன் ஜெபத்தைத்தான் சொல்கிறார். டீச்சர் யாரிடமும் என்ன சொல்கிறாய் என்று கேட்டதில்லை.

இப்போது தக்கலையில் ஏ.சி., ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிறேன். மஸ்கட் வருமானத்தோடு ஒப்பிட முடியாது. அந்தக் கேள்வி இன்னும் வருகிறது. "போகவில்லை, இங்கேதான் வேலை" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்கிறேன். டீ ஆறுவதில்லை.

தீராதது ஒன்று இருக்கிறது. சினம் தவிர்க்கும் பயிற்சியில், அடிக்கடி யார் மீது கோபம் வருகிறது என்று பட்டியல் எழுத வேண்டும். என் பட்டியலில் முதல் பெயர் அண்ணனுடையது. வீட்டுப் பாகம் பற்றிய பேச்சு எங்களுக்குள் நெடுநாளாக இழுத்துக்கொண்டிருக்கிறது. முன்பெல்லாம் அவன் வாயைத் திறந்தாலே, இந்த மாடியைக் கட்டியது நான் என்று கத்துவேன். சென்ற முறை அந்த வாக்கியம் தொண்டை வரை வந்தது. எட்டு எண்ணி மூச்சை விட்டேன், சொல்லவில்லை. அவனும் அன்று குரலை உயர்த்தவில்லை. இடத்தை அளக்க சர்வேயரை அழைத்திருக்கிறோம். அடுத்த வாரம் இரண்டு பேரும் மறுபடி உட்காருகிறோம்.